10,234 வெள்ளிக்காரர் எந்த மாடியில் குடியிருக்கிறார்?

ஏழாம்மாடி | திங்கள், இரவு 10.12

போன வாரம் மலேசியப் புள்ளிவிவரத் துறையிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகியிருந்த நாள். ஏழு மாடி ஏறி வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீடு தெரிவாகியிருக்கிறதாம். அன்றாடச் செலவுகளை ஒரு மாதம் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

செலவு எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. 50 காசு கறிவேப்பிலை வரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வருமானத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. கணவர் லோரி ஓட்டுகிறார்: அடிப்படைச் சம்பளம் 2,400, ஓவர்டைம் 700. நான் ஒரு கிளினிக்கில் முகப்பில் இருக்கிறேன்: 1,650. மூத்தவன் டிப்ளோமா படித்துக்கொண்டே இரவில் மோட்டாரில் உணவு கொண்டு சேர்க்கிறான்: ஏறக்குறைய 1,300. மாமியார் விடியற்காலையில் வடையும் கொழுக்கட்டையும் செய்து கீழ்க் கடைக்குக் கொடுக்கிறார்: 300. ஆக மொத்தம் 6,350 வெள்ளி (ரிங்கிட்).

மகன் கைப்பேசியில் எதையோ தேடிவிட்டுச் சிரித்தான். "அம்மா, நாம் நாட்டின் நட்டநடுவில் நிற்கிறோம்" என்றான். 2022 கணக்கெடுப்பில் மலேசியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 6,338 வெள்ளியாம். கோலாலம்பூருக்கு மட்டும் பார்த்தால் 10,234.

அந்த 2022 கணக்குப்படி 5,250க்குக் கீழே இருந்தால் பி40 (அடியிலுள்ள நாற்பது விழுக்காடு), அங்கிருந்து 11,819 வரை எம்40 (நடுவிலுள்ள நாற்பது). அப்படியானால் நாங்கள் எம்40. மகனின் கல்விக்கு உதவிநிதி கேட்ட ஓரிடத்தில் இதையே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆறு பேர், இரண்டு அறை, 750 வெள்ளி வாடகை. இதுதான் நடுத்தர வர்க்கமா? அந்த 10,234 வெள்ளிக்காரர் எந்த மாடியில் இருக்கிறார்? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கணக்குவாத்தியார் | திங்கள், இரவு 10.58

அம்மா, உங்கள் மகன் சொன்னது சரி. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டிலுள்ள எல்லாக் குடும்பங்களையும் செந்தூல் கொமூட்டர் ரயில் நிலையத்திலிருந்து பத்துமலை வரை வரிசையாக நிறுத்துவோம். தைப்பூச வரிசை மாதிரி. ஆனால் வருமானம் குறைந்தவர் செந்தூலில், கூடியவர் பத்துமலையில். நிலையங்கள் சம தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே இருப்பது கம்போங் பத்து. அங்கே நிற்கும் குடும்பத்தின் வருமானம்தான் இடைநிலை. நீங்கள் நிற்பது அங்கே. எல்லாருடைய வருமானத்தையும் கூட்டிச் சமமாகப் பங்கிட்டால் கிடைப்பது சராசரி: 2022-இல் 8,479 வெள்ளி. அந்தத் தொகை உள்ளவரைப் பார்க்க நீங்கள் அடுத்த நிலையமான தாமான் வாஹ்யு பக்கம் கொஞ்சம் நடக்கவேண்டும். பத்துமலை அடிவாரத்தில் நிற்கும் சிலருடைய வருமானம் சராசரியை அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. சராசரியும் இடைநிலையும் இப்படி விலகி நின்றால், மேலே கனம் கூடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கோலாலம்பூர்வாசிகளை மட்டும் தனியாக நிறுத்தினால் அது வேறு வரிசை. அதில் நீங்கள் செந்தூல் பக்கம் வெகுதூரம் பின்னால் போய்விடுவீர்கள். அதே வீடு, அதே 6,350.

முடியாதஆய்வு | செவ்வாய், காலை 12.31

வாத்தியார் ஐயாவின் வரிசைக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். யான் பென் என்ற டச்சுப் பொருளியல் அறிஞர் 1971-இல் வருமானப் பங்கீட்டை ஓர் ஊர்வலமாக வருணித்தார். அதில் ஒவ்வொருவருடைய உயரமும் அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி இருக்கும். ஒரு மணி நேரம் நடக்கும் ஊர்வலத்தில் பாதி நேரம் கடந்த பிறகும் குள்ளர்களே வந்துகொண்டிருப்பார்கள். கடைசி நிமிடங்களில் வருகிறவர்களின் முகம் மேகத்துக்குள் இருக்கும், நமக்குத் தெரியாது.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்காக இதையே ஐந்தாம் ஆண்டாகக் கட்டி அழுதுகொண்டிருப்பவன் நான். "குடும்ப வருமானம்" என்ற சொல்லே பாதியை மறைத்துவிடுகிறது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் சம்பாதித்தார்கள் என்ற இரண்டும் அதில் இல்லை.

சாப்பிடுகிறவர்களின் கணக்கைச் சரிசெய்ய ஆய்வாளர்களிடம் ஒரு வழி உண்டு. குடும்ப வருமானத்தை உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். ஆறு பேருக்கு ஆறு அடுப்பு தேவையில்லை, ஒரே விளக்கில் எல்லாரும் படிக்கலாம் என்பதால் நேராக ஆறால் வகுப்பதில்லை. அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 2,590. பிள்ளையில்லாத தம்பதியர் அதே 6,350 வாங்கினால் 4,490. கணக்கெடுப்பின் தலைப்பு எண்ணில் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

சம்பாதிக்கிறவர்களின் கணக்குக்கு எளிய சூத்திரம் கிடையாது. ஓவர்டைமையும் மகனையும் மாமியாரையும் எடுத்துவிட்டால் உங்கள் வீட்டில் மிஞ்சுவது 4,050. அது பி40. தூக்கத்தை விற்று வாங்கியதுதான் உங்கள் எம்40.

வரிகட்டுபவன் | செவ்வாய், காலை 8.05

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. 2,590 என்று தம்பி சொல்கிறார். வறுமைக் கோடே 2022-இல் 2,589 வெள்ளி. ஆக இவர் வறுமைக் கோட்டில் இருக்கிறாரா? நம்பும்படியாக இல்லை. மூன்று பிள்ளைகள், டியூஷன், ஆளுக்கொரு கைப்பேசி, ஆண்டுக்கொரு முறை கோயில் உபயம். நம்மவர்களின் செலவுப் பழக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரத்தைக் குறைசொல்கிறார்கள்.

நான் மாதம் 12,500 வாங்குகிறேன். 11,820க்கு மேல் என்பதால் எனக்கு டி20 (உச்சியிலுள்ள இருபது விழுக்காடு) முத்திரை. வீட்டுக் கடன், கார் கடன், பினாங்கில் தனியாக இருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் போக மாதக் கடைசியில் நானும் ரொட்டி சானாய்தான் சாப்பிடுகிறேன். எனக்கு எந்த உதவியும் கிடையாது. வரி மட்டும் உண்டு.

முடியாதஆய்வு | செவ்வாய், காலை 8.40

சார், இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்பது தற்செயல். 2,589 என்பது முழுக் குடும்பத்துக்கான கோடு, அதுவும் நாடு முழுமைக்கும் எடுத்த சராசரி. கோட்டை வீட்டுக்கு வீடு, ஆட்களின் எண்ணிக்கை, வயது, இடம் பார்த்துத்தான் போடுகிறார்கள். நான் சொன்ன 2,590 ஒருவருக்குச் சமமாக்கிய தொகை. இரண்டையும் ஒப்பிடக் கூடாது. அக்கா வறுமைக் கோட்டுக்கு நல்ல உயரத்தில்தான் இருக்கிறார்.

ஆனால் உங்கள் வயிற்றெரிச்சலில் பாதி நியாயம். டி20 என்பது நாடு தழுவிய கோடு. கோலாலம்பூரின் நடுவீட்டுக்காரருக்கே 10,234 என்றால், 11,820 இந்த நகரத்தில் பணக்காரர் என்பதற்கு அடையாளமாகாது. கிளந்தான் மாநிலத்தில் 2022-இல் இடைநிலை 3,614. அங்கே உங்கள் சம்பளம் ஒரு ராஜாவுக்கு உரியது. இன்னொன்றும் உண்டு. பி40 என்பது அடியிலிருக்கும் நாற்பது விழுக்காடு, அவ்வளவுதான். நாளைக் காலையில் எல்லாருடைய வருமானமும் இரட்டித்தாலும் பி40 இருக்கும், அதே நாற்பது விழுக்காடாக. இல்லாமையை அளக்கும் கருவி அல்ல அது. 2024 ஜனவரியில் தொடங்கிய பாடு என்ற அரசாங்கத் தரவுத்தளத்தின் வழியாக, கையில் மிஞ்சும் நிகர வருமானத்தைப் பார்த்து உதவியை முடிவுசெய்யலாம் என்ற பேச்சு எழுந்ததும் இதனால்தான்.

ஏழாம்மாடி | செவ்வாய், மதியம் 1.20

வரிகட்டுபவன் அண்ணா, உபயம் நாங்கள் எடுத்ததில்லை. வரிசையில் நின்று அன்னதானம் வாங்கியிருக்கிறோம். டியூஷன் உண்மை. கடைசிப் பெண்ணுக்கு மலாய்க்கும் கணக்குக்கும் மாதம் 120. அதை நிறுத்தினால் நாளைக்கு அவளும் இரவில் மோட்டார் எடுக்கவேண்டியதுதான். கைப்பேசி இல்லாமல் என் மகன் எப்படி ஆர்டர் எடுப்பான்?

கோபத்தில் எழுதவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. எந்த வரியை அடிக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறைப்பாலம் | செவ்வாய், மாலை 7.45

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பட்டர்வொர்த்தில் வீடு, தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய காலத்தில் என் அம்மா அங்கே நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளில் கம்பி ஒட்டிய தலைமுறை. "கையில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் எங்கள் வீட்டில் நான்தான்" என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்த மாநிலம் எழுந்ததே அந்தக் கண்களால்.

என் கதை வேறு. 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. எங்கள் உற்பத்தி வரிசையில் யாரும் அதனால் மூன்று மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகவில்லை. அந்த மூன்று மணியும் ஓவர்டைமாக மாறியது, ஒன்றரை மடங்குக் கூலி. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்லவில்லை. ஆர்டர் குறைந்த மாதத்தில்தான் தெரியும், என் வாழ்க்கைத் தரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முதலாளியின் ஆர்டர் புத்தகம் என்று. ஓவர்டைமை வெட்டினால் கார் தவணை நிற்கும்.

இந்தக் கணக்கெடுப்பில் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதா, தம்பி?

முடியாதஆய்வு | செவ்வாய், இரவு 11.15

அண்ணே, வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கும் கணக்கெடுப்பு வேறு. அது தொழிலாளர் பற்றியது. குடும்ப வருமானத்தின் தலைப்பு எண்ணோடு அது சேர்ந்து வருவதில்லை. நேரத்தை நேரடியாக அளந்த முயற்சி ஒன்று சொல்லலாம். கசானா ஆய்வுக் கழகம் கோலாலம்பூரில் ஒரு நேரக் கணக்கு ஆய்வை நடத்தி 2019-இல் வெளியிட்டது. சமையல், துவைப்பு, பிள்ளைகள், முதியோர் என்று கூலியில்லாத பராமரிப்பில் பெண்கள் ஆண்களைவிட 60 விழுக்காட்டுக்கும் அதிக நேரம் செலவிட்டார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இந்தச் சுமை குறைந்தபாடில்லை. அக்காவின் மாமியார் செய்யும் வடை வருமானக் கட்டத்தில் ஏறும். அதே கையால் பேரப்பிள்ளைகளுக்கு ஊற்றும் தோசை எந்தக் கட்டத்திலும் ஏறாது.

இன்னொரு வேடிக்கை. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார் என்று மதிப்பிட்டு அதையும் வருமானமாகச் சேர்க்கிறார்கள். முட்டாள்தனமில்லை, உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் 10,234 வெள்ளிக்காரர் அவ்வளவையும் கையில் எண்ணிப் பார்க்கிறார் என்று யாரும் நினைக்கவேண்டாம். அதில் ஒரு பங்கு சுவராகவும் கூரையாகவும் இருக்கிறது.

ஏழாம்மாடி | புதன், காலை 6.30

மாமியாரிடம் இதைச் சொன்னேன். "தோசைக்குக் கட்டம் வேண்டாம், எண்ணெய் விலைக்கு ஒரு கட்டம் போடச் சொல்" என்றார்.

முடியாதஆய்வு | புதன், காலை 10.02

நேற்று விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன். வறுமைக் கோட்டைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. 2016-இல் கோடு மாதம் 980 வெள்ளி. குடும்பத்துக்கு, ஆளுக்கு அல்ல. அதை வைத்து நாட்டில் வறுமை 0.4 விழுக்காடுதான் என்றார்கள். 2019 ஆகஸ்டில் ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்தக் கோடு நடைமுறைக்கு ஒத்துவராது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரசாங்கம் முதலில் முறைத்தது. பிறகு 2020 ஜூலையில் கோடு 2,208 ஆக உயர்ந்தது. 2019க்கான வறுமை 5.6 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள் ஒன்றும் அன்று காலையில் ஏழையாகவில்லை. கோடு அவர்களை வந்து தொட்டது.

கோலாலம்பூருக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு யூனிசெப் 2018-இல் வெளியிட்டது. 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களைப் பார்த்தார்கள். அன்றைய 980 கோட்டின்படி அங்கிருந்த பிள்ளைகளில் 7 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். நகரத்தின் மற்றவர்களோடு ஒப்பிடும் சார்பு வறுமையின்படி 99.7 விழுக்காடு. ஒரே பிள்ளைகள், ஒரே மாடி. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். எந்தக் கோடு சரி என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கலாம். குழந்தையின் உயரத்தை ஒரு நாடா வைத்து அளந்துவிடலாம்.

"போதும்" என்றால் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2016ஆம் ஆண்டு விலைவாசியை வைத்து, கோலாலம்பூரில் தனியாள் கண்ணியமாக வாழ 2,700, இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதியருக்கு 6,500 என்று மதிப்பிட்டது. ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு மையமும் 2019-இல் பெலாஞ்சாவான்கூ என்ற பெயரில் ஒரு குடும்பச் செலவு வழிகாட்டி போட்டன. கோலாலம்பூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் போக்குவரத்தில் செல்லும் தனியாளுக்கு 1,870. இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 6,620. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தால் கையில் 1,500 சொச்சம். 2019-இல் தனியாளுக்குப் போட்ட கணக்கையே 2025-இன் குறைந்தபட்சச் சம்பளம் எட்டிப் பிடிக்கவில்லை.

தோட்டத்துப்பேரன் | புதன், இரவு 9.10

எல்லாரும் வெள்ளியிலேயே அளக்கிறீர்கள். என் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பளம் அற்பம். ஆனால் வாடகையில்லாத வீடு, ஆயாக்கொட்டகை, வீட்டுக்குப் பின்னால் மாடு, முருங்கை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டமாக்கியபோது வேலையோடு வீடும் போனது. நகரத்துக்கு வந்த என் அப்பாவின் சம்பளம் மூன்று மடங்கு உயர்ந்ததாகத்தான் எந்தப் புள்ளிவிவரமும் சொல்லும். பாலுக்கும் கீரைக்கும் காசு கொடுக்கத் தொடங்கியதை எது சொல்லும்?

இந்தியர்களின் நிலை பரவாயில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2019-இல் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை 5,981, நாட்டின் இடைநிலை 5,873. பார், மேலேதானே இருக்கிறாய் என்கிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் நகரத்திலும் நகரத்தின் ஓரத்திலும் இருக்கிறார்கள். அதே ஆண்டில் சிலாங்கூரின் இடைநிலை 8,210, கோலாலம்பூருடையது 10,549. செந்தூலில் வாடகை கொடுப்பவனைக் கிளந்தான் கிராமத்தோடு சேர்த்து நிறுத்தி, நீ உயரம் என்றால் எப்படி?

கணக்குவாத்தியார் | புதன், இரவு 10.25

பேரனே, இரண்டாவது பத்தியை ஏற்கிறேன். முதல் பத்தியை ஏற்கமாட்டேன். நீ தாத்தா சொல்லிக் கேட்டவன், நான் அந்தத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். வாடகையில்லாத வீடுதான், மழை பெய்தால் ஓட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆயாக்கொட்டகையில் என் தம்பியை வைத்துவிட்டு அம்மா இருட்டோடு வெட்டுக்குப் போவார். அவனுக்குக் காய்ச்சல் என்றால் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) கெஞ்சவேண்டும். வெளியே போக அனுமதி, திருமணத்துக்கு முன்பணம் என்று எல்லாவற்றுக்கும் ஒருவர் வாசலில் நிற்கவேண்டும். அந்த வாசலில் நிற்காமல் இருப்பதும் வாழ்க்கைத் தரம்தான். அதற்கும் கட்டம் கிடையாது.

1970-இல் தீபகற்பத்தில் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. இந்தியக் குடும்பங்களில் 39.2. ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி குணகம் 1976-இல் 0.557 வரை ஏறியது, 2022-இல் 0.404. சுழி என்றால் எல்லாருக்கும் சமம், ஒன்று என்றால் எல்லாம் ஒருவர் கையில். இறங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தோட்டத்துப்பேரன் | புதன், இரவு 10.50

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தாத்தா ஓட்டையைப் பற்றி எங்களிடம் சொன்னதே இல்லை.

ஆனால் கினியைப் பற்றி ஒரு கேள்வி. ஒருவர் 2,000, இன்னொருவர் 8,000 வாங்குகிறார். இருவருக்கும் இரட்டித்தால் 4,000, 16,000. கினி அசையாது. இடைவெளி மட்டும் 6,000இலிருந்து 12,000 ஆகிவிடும். வீடு வாங்கப் போகும்போது என்னோடு போட்டிபோடுவது விகிதமா, அந்த 12,000 வெள்ளியா?

கணக்குவாத்தியார் | புதன், இரவு 11.04

நல்ல கேள்வி. 12,000 வெள்ளிதான்.

மஸ்ஜித்இந்தியா | வியாழன், காலை 1.40

வணக்கம். கடை மூடிவிட்டு இப்போதுதான் படித்தேன். நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே உணவகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. மாடியில் ஓர் அறையில் எட்டு பேர் தங்கியிருக்கிறோம். நீங்கள் சொல்லும் வரிசையில் செந்தூலிலிருந்து எத்தனையாவது ஆள் நான்?

முடியாதஆய்வு | வியாழன், காலை 9.20

அண்ணே, மன்னிக்கவேண்டும். அந்த வரிசையிலேயே நீங்கள் இல்லை. இடைநிலை, வறுமை விழுக்காடு, கினி எல்லாமே குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கானவை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆல்ஸ்டனும் இதைக் குறிப்பிட்டுக் குறைசொன்னார். கோலாலம்பூரில் கட்டடம் எழுப்புகிறவர், தட்டுக் கழுவுகிறவர், காவல் காக்கிறவர் பலரை விட்டுவிட்டு எடுத்த 10,234 அது.

மறுகோடியிலும் ஓட்டை உண்டு. பெரும் பணக்காரர்கள் இத்தகைய கணக்கெடுப்புகளில் சரியாக அகப்படுவதில்லை, இது உலகமெங்கும் உள்ள குறை. அக்கா ஏழு மாடி ஏறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நாற்பதாவது மாடி சொகுசு வீட்டுக்குக் காவலாளியைத் தாண்டி யார் போவது? அப்படியே போனாலும், பங்கு ஆதாயத்தையும் அறக்கட்டளையில் வைத்த சொத்தையும் நோட்டுப் புத்தகத்தில் யார் எழுதுவார்கள்? அதனால்தான் வருமானவரிப் பதிவுகளைக் கொண்டு உச்சியை அளக்கும் ஆய்வுகள் வந்தன. வரிசையின் தலையும் வாலும் தெரியாமல் நடுவை மட்டும் துல்லியமாகச் சொல்கிறோம்.

வரிகட்டுபவன் | வியாழன், மாலை 6.15

மஸ்ஜித் இந்தியா நண்பருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எட்டு பேர் ஓர் அறையில் என்பதைப் படித்த பிறகு என் ரொட்டி சானாய்ப் புலம்பலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பணத்தை விட்டுவிட்டு, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டுவிட்டால் என்ன? என் அம்மாவுக்குக் காசு இருந்ததே இல்லை, ஆனால் குறைசொல்லியும் கேட்டதில்லை.

முடியாதஆய்வு | வியாழன், இரவு 8.50

கேட்கிறார்கள் சார். பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் இதைக் கிளப்பினார். ஒரு நாட்டுக்குள் வசதியானவர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். நாடே காலப்போக்கில் வசதியானாலும் மொத்த மகிழ்ச்சி அதே அளவு கூடுவதில்லை. ஏனென்றால் நாம் அடுத்த வீட்டைப் பார்த்தே நம்மை அளக்கிறோம். அது சரிதானா என்று இன்றும் அடிதடி நடக்கிறது. மகிழ்ச்சியை மட்டும் கேட்பதில் உள்ள ஆபத்தை அமர்த்தியா சென் சொன்னார்: இல்லாமையிலேயே கிடந்தவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொள்ளப் பழகிவிடுவார்கள். "எனக்கென்ன குறை" என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு எதுவும் செய்யவேண்டாம் என்றாகிவிடும். அதனால் அவர் கேட்கச் சொன்னது, ஒருவர் என்னவாக இருக்கவும் எதைச் செய்யவும் அவருக்கு இயல்கிறது என்பதை.

உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை, சார். என் அம்மாவும் அப்படித்தான்.

வரிகட்டுபவன் | வியாழன், இரவு 9.30

அம்மாவிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். முழங்கால் வலி நான்கு மாதமாக இருக்கிறதாம். கேட்டபோதுதான் சொன்னார்.

நெறியாளர் | வெள்ளி, காலை 8.00

செலவுப் பழக்கம், சாதி, கட்சி பற்றி வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்பை விட்டு விலகவேண்டாம்.

பிறைப்பாலம் | வெள்ளி, இரவு 11.55

அக்கா, கணக்கெடுக்கும் பெண் மறுபடியும் வந்தாரா? என்ன எழுதினீர்கள்?

ஏழாம்மாடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். நோட்டுப் புத்தகம் நேற்றுத்தான் முடிந்தது.

இந்த மாதம் மகனுக்குத் தேர்வு, மோட்டார் எடுக்கவில்லை. 6,350-இல் அவனுடைய 1,300 போனால் 5,050. ஒரே மாதத்தில் எம்40-இலிருந்து பி40-க்கு இறங்கிவிட்டோமே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஒரு மாதத்தைப் பார்ப்பதில்லை, பன்னிரண்டு மாத வருமானத்தைக் கேட்போம் என்று விளக்கினார். பொறுமையான பெண். மாமியாரின் வடைக் கணக்கை மட்டும் அரைமணி நேரம் கேட்டார்: எத்தனை கிலோ உளுந்து, எரிவாயு எவ்வளவு, மிஞ்சினால் யார் சாப்பிடுவது. மாமியாருக்கு ஒரே உற்சாகம். அவரிடம் இதுவரை யாரும் தொழிலைப் பற்றிக் கேட்டதில்லை. செலவெல்லாம் கழித்துப் பார்த்ததில் அவருடைய இலாபம் 300 அல்ல, 210தான். "இது தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வடையின் விலையைப் பத்துக் காசு ஏற்றிவிட்டார்.

10,234 வெள்ளிக்காரரையும் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். எங்கள் கிளினிக் தாதியும் அவர் கணவரும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அங்கே வருகிறார்கள். இருவர், ஒரு பிள்ளை. பிள்ளையைப் பராமரிப்பவரிடம் விட மாதம் 800 கொடுக்கிறார்கள். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நானா? நான் பி40 என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று எங்கள் மின்தூக்கி வேலை செய்தது. அந்தப் பெண் அதை நம்பாமல் படியேறியே வந்திருந்தார்.